ஹெரால்டின் பின் ஹப்பும் மசியாத போல்ட்டுகளும்

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், அந்த வண்டியைத் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, "பின் ஹப் வந்துச்சா?" என்றுதான். பின் சக்கரத்தைப் பூட்டும் அந்த நடுப்பாகம் லேசில் கழலாது. என்ஜின் எப்படி, பாடியில் எவ்வளவு துரு என்பதெல்லாம் அப்புறம். வந்தது. ஒரு பக்கம் முழுசாக, மறுபக்கம் துண்டாக. அதற்கு முன்னால் வேறு என்னென்ன அடம்பிடித்தன, எதற்கு என்ன செய்தேன் என்பதைச் சேர்த்து எழுதிவைக்கிறேன். இதே வண்டியோ, இதே காலத்து வேறு வண்டியோ வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

வண்டி 1965 மாடல், இரண்டு கதவு, 948 சிசி. இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்ததை 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நம் வண்டலூர்ப் பக்கம் தயாரித்தது. உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிகெலோட்டி. அம்பாசடரும் ஃபியட்டும் பாடியே சேஸியாக இருக்கும் வண்டிகள். ஹெரால்டு அப்படியில்லை, தனி சேஸி, அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய பாடி. முன்பக்கம் மட்கார்டோடு மொத்தமாக முன்னால் கவிழும். மெக்கானிக்குக் கொண்டாட்டமான வண்டி என்று சொல்லலாம், போல்ட்டுகள் கழன்றால். என்னுடையது திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் பல வருஷம் நின்றது. அந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். எந்த இடத்தில் இரண்டு பாகம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அதில் எது பிழைக்க வேண்டும், எதைப் பலி கொடுக்கலாம் என்று முதலிலேயே பார்ப்பது. போல்ட் போனால் போகட்டும், சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் அதே மரையில் ஹைடென்சில் போல்ட் கிடைக்கும். என்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் வார்ப்பிரும்பு மானிஃபோல்டில் விரிசல் விட்டால் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை முழுக்க அலைய வேண்டும். கோபத்தில் சுத்தியலைத் தூக்கிய பிறகு இந்தக் கணக்கு மூளைக்கு வராது. அதனால் சாக்பீஸால் குறியே போட்டேன்: காப்பாற்ற வேண்டியதற்கு வட்டம், வெட்டக்கூடியதற்குப் பெருக்கல் குறி. பார்க்கச் சின்னப்பிள்ளை வேலை மாதிரி இருக்கும். பரவாயில்லை.

அடுத்தது ஸ்பேனர். இந்த வண்டியில் எல்லாம் இஞ்ச் அளவு, யுஎன்எஃப் என்ற நெருக்கமான மரை. அரை இஞ்ச் நட் என்றால் 12.7 மி.மீ. அதில் 13 எம்எம் ஸ்பேனர் உட்காரும், இறுகாத நட்டைக் கழற்றியும் விடும். இறுகிய நட்டில் அந்த 0.3 மி.மீ. இடைவெளிதான் மூலைகளை மழுக்கிவிடும். 7/16 இஞ்ச் நட்டில் (11.11 மி.மீ.) 11 நுழையாது, 12 வழுக்கும். அறுபது வருஷமாக யார் யாரோ எம்எம் ஸ்பேனர் போட்டதில் என் வண்டியில் பாதி நட்டுகள் ஏற்கெனவே உருண்டைதான். இஞ்ச் அளவு பாக்ஸ் செட் ஒன்று, அதுவும் ஆறு மூலை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு மூலை பாக்ஸ் நட்டின் முனையைப் பிடிக்கும், ஆறு மூலை அதன் பக்கத்தைப் பிடிக்கும். பழைய வண்டியில் இந்த வித்தியாசம் பெரிசு.

ஊறவைக்கும் எண்ணெய் பற்றி ஆளுக்கொரு வேதம் உண்டு. மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில், டபிள்யூடி-40, எல்லாவற்றையும் சொல்வார்கள். நான் பயன்படுத்தியது ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி. இரண்டும் சேராது, ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். எந்த எண்ணெய் என்பதைவிட எப்படி ஊற்றுகிறோம் என்பது முக்கியம். மரையின் வெளியே தெரியும் பகுதியை முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட்டு, காலையும் இரவும் கொஞ்சம் ஊற்றி, ஒவ்வொரு முறையும் போல்ட்டின் தலையில் நேராக நாலு தட்டு. இரும்பு துருவாகும்போது கனஅளவில் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. மரைக்குள் இடமே இல்லாமல் அது அடைத்துக்கொண்டிருக்கும்போது எண்ணெய் தானாக உள்ளே போகாது. தட்டும்போது அந்தத் துரு நொறுங்குகிறது, அந்த விரிசலில்தான் எண்ணெய் இறங்குகிறது.

பிரேக் டிரம்மில் இருந்து தொடங்கினேன். டிரம்மை ஹப்போடு பிடிப்பது இரண்டு ஸ்க்ரூக்கள், தலை உள்ளே பதிந்தவை. சாதாரண ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் வெட்டு சிதைந்துபோகும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் இதற்கென்றே உள்ள கருவி, விலையும் அதிகமில்லை. அடியின் அழுத்தத்தில் முனை வெட்டை விட்டு வெளியே வர முடியாது, அதே நேரம் திரும்பவும் செய்யும். ஸ்க்ரூ வந்தும் டிரம் வரவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. ஹப்பின் நடுப்பகுதியில் துரு பிடித்திருக்கும், அல்லது டிரம்மின் உள்விளிம்பு தேய்ந்து வரம்பு கட்டி, ஷூ அதில் மாட்டிக்கொண்டிருக்கும். பிடித்து இழுக்கும்போது டிரம் சற்று ஆடி, 'டொக்' என்று நின்றால் ஷூதான். பின்னால் உள்ள சதுரத் தலை அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். அதுவும் அசையாது. சூடாக்கி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கால்வாசித் திருப்பாக ஆட்டித்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிடுங்கள்.

பிரேக் பைப்பின் யூனியன் நட்டுகளோடு நான் மல்லுக்கட்டவே இல்லை. பைப் எப்படியும் புதுசு போடப்போகிறேன். நட்டுக்கு ஒட்டிப் பைப்பை வெட்டிவிட்டு, ஆறு மூலை பாக்ஸை நேராகப் போட்டேன். ஓப்பன் ஸ்பேனர் வழுக்கிய நட்டுகள் எல்லாம் சாதாரணமாக வந்தன.

சைலன்சர் பைப்பும் மானிஃபோல்டும் சேரும் இடத்தில் மூன்று ஸ்டட் (தலையில்லாத போல்ட்). தயாரிப்பாளர்கள் அங்கே பித்தளை நட் போடுவது காரணத்தோடுதான்: பித்தளை துருப்பிடித்து இரும்போடு ஒட்டாது. பிறகு யாரோ சுலபமாகக் கிடைத்த இரும்பு நட்டைப் போட்டிருக்கிறார்கள். ஒன்று வந்தது. மற்ற இரண்டிலும் நட்டோடு ஸ்டட்டே முறிந்தது. ஒன்றில் அரை விரற்கடை வெளியே நின்றது, இன்னொன்று மட்டத்தோடு மட்டம்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் முறிந்த ஸ்டட்டைத் திருகி எடுக்கும் ஈஸி-அவுட் வாங்க ஓடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்டட்டின் நடுவில் துளை போட்டு, கூம்பான ஈஸி-அவுட்டை அடித்துத் திருகும்போது, அந்தக் கூம்பு ஸ்டட்டை வெளிப்புறமாக விரித்து மரையை மேலும் இறுக்குகிறது. இவ்வளவு பெரிய ஸ்டட்டையே முறித்த துரு, அதற்குள் நுழையும் மெல்லிய கருவிக்கு மட்டும் வழிவிடுமா? ஈஸி-அவுட் உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் வேலை செய்யாது, அவ்வளவு கடினமான எஃகு. அப்புறம் அம்பத்தூரில், மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் வைத்திருக்கும் டூல் ரூம் எதையாவது தேடிப் போக வேண்டியதுதான்.

அதற்குப் பதில் ஆர்க் வெல்டிங். மானிஃபோல்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முறிந்த ஸ்டட்டின் மேல் ஒரு அளவு பெரிய நட்டை வைத்து, அதன் துளைக்குள்ளேயே ராடை விட்டு நிரப்பினார் வெல்டர். மட்டத்தோடு முறிந்ததற்கு முதலில் பொட்டுப் பொட்டாக உலோகத்தை ஏற்றி மேடாக்கிவிட்டு, பிறகு நட். வார்ப்பிரும்பில் வெல்டிங் சரியாக ஒட்டாது என்பது வேறு வேலைகளுக்குத் தொல்லை, இங்கே வசதி. நட் ஒட்டியதும் உடனே திருக ஆரம்பித்தேன், பட்டறை அண்ணன் கையைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, சிவப்பா இருக்கும்போது தொடாதீங்க. முறுக்கு பிழியற மாதிரி பிழிஞ்சிடும். கருக்கட்டும்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஸ்டட் மட்டும் பழுக்கக் காயும்போது விரியப் பார்க்கிறது, சுற்றியுள்ள இரும்பு விடுவதில்லை. பழுத்த உலோகம் மெத்தென்று இருப்பதால் தனக்குள்ளேயே நசுங்கிக்கொள்கிறது. ஆறும்போது முன்பு இருந்ததைவிடத் துளி மெலிந்து சுருங்குகிறது. துருவின் பிடி அப்போதுதான் விடுகிறது. சிவப்பு மறைந்து கருத்ததும் மெழுகுவர்த்தியை மரை ஓரத்தில் தொட்டார். உருகி உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்ட ஆட்ட, கிறீச் சத்தத்தோடு ஸ்டட் வந்தது. மட்டத்தில் முறிந்ததற்கு நட் இரண்டு முறை பிய்ந்து, மறுபடி வைத்து, பிறகு அதுவும் வந்தது.

ஒரு எச்சரிக்கை. வெல்டிங் வைக்கும் இடத்தைப் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள். அதில் குளோரின் கலந்த வகைகள் உண்டு. ஆர்க் வெளிச்சமும் சூடும் பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும். கம்பி பிரஷ்ஷும் துணியும் போதும்.

இனி முன் சஸ்பென்ஷன். ஹெரால்டில் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை மரையாக இருக்கும். அது டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அந்தக் கட்டையின் குறுக்கே ஒரு நீள போல்ட் ஓடி, சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கையான கீழ் விஷ்போனோடு சேர்க்கிறது. போல்ட்டுக்கு மேலே இரும்புக் குழல், குழலுக்கு மேலே நைலான் புஷ். நட்டைக் கழற்றினேன், சுலபமாக வந்தது. போல்ட் தலையில் பாக்ஸ் போட்டுத் திருப்பினேன், அதுவும் திரும்பியது. பின்னாலிருந்து அடித்தால் மட்டும் ஒரு நூல்கூட நகரவில்லை.

முதன்முறை பார்ப்பவர்களைக் குழப்புவது இதுதான். போல்ட் திரும்புகிறதே, அப்படியென்றால் துரு விட்டுவிட்டது என்று தோன்றும். உண்மையில் போல்ட்டும் இரும்புக் குழலும் ஒரே துண்டாகிவிட்டன. இரண்டும் சேர்ந்து நைலானுக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. பலமாக அடித்தால் விஷ்போனின் காதுகள் வளையும். சூடாக்கினால் நைலான் உருகும், நாற்றம் தாங்காது, புகையும் நல்லதல்ல.

சாக்பீஸ் குறிகள் இங்கே வேலை செய்தன. போல்ட், குழல், நைலான் மூன்றுக்கும் பெருக்கல் குறி. விஷ்போனுக்கும் செங்குத்துத் தண்டுக்கும் வட்டம். சேஸியை இரும்புத் தாங்கிகள் (குதிரைகள்) மேல் ஏற்றி, ஸ்பிரிங்கோடு ஷாக் அப்சார்பரை முதலில் எடுத்துவிட்டேன். அழுந்திய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு கீழே எதையும் வெட்டக்கூடாது. பிறகு டிரன்னியனுக்கும் விஷ்போன் காதுக்கும் இடையில் உள்ள சந்தில் ஆக்ஸா பிளேடை மட்டும் நுழைத்து, ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் அறுத்தேன். ஃபிரேம் அந்த இடத்துக்குள் போகாது. கட்டிங் வீல் போட்டால் விஷ்போனில் படாமல் தப்பிக்க முடியாது. ஹைடென்சில் போல்ட், வெளியே குழல் வேறு. பிளேடு மழுங்க மழுங்க மாற்றிக்கொண்டே இருந்தேன். மாலை வெயிலில் ஒரு பக்கத்துக்கு இரண்டு வெட்டு என்பது உடற்பயிற்சிதான். கடைசி வெட்டு முடிந்ததும் மொத்தத் தொகுதியும் கைக்கு வந்தது. காதுகளில் மிஞ்சிய துண்டுகள் தட்டியதும் விழுந்தன.

டிரன்னியனைத் தண்டிலிருந்து கழற்றும்போது கவனம். இரண்டு பக்கமும் மரை எதிரெதிர் திசை. ஒன்று வழக்கம்போல இடப்புறம் கழலும், மற்றது வலப்புறம். தெரியாமல் இறுக்கிக்கொண்டே போனால் துருவைத் திட்டிப் பயனில்லை. கழற்றியதும் தண்டின் மரையைப் பெட்ரோலில் கழுவி, லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். மரை தொடங்கும் இடத்தில் குழிக் குழியாகத் துரு இருந்தால் தண்டைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். ஓடும்போது அங்கேதான் முறியும், சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். இதற்கு கியர் ஆயில், ஈபி 90, விட வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொன்னது. நம்மூர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் நிப்பிள் எதைக் கண்டாலும் கிரீஸ் அடிப்பார்கள். அந்த கிரீஸ் உள்ளே கட்டியாகிப் போயிருந்தது. கட்டிக்குக் கீழே தண்ணீர். இடது தண்டு தப்பியது. வலது போயிற்று.

சரி, பின் ஹப். பின் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் வெளிமுனை கூம்பாக இருக்கும், அதில் ஹப் வழுக்காமல் பிடிக்க ஒரு சாவி (சிறு இரும்புத் துண்டு), அதன்மேல் ஹப், கடைசியில் நட். கூம்பு என்பது துருவே இல்லாவிட்டாலும் பிடித்துக்கொள்ளத்தான் செய்யப்பட்டது. அறுபது வருஷம் வண்டியின் முழு இழுவையும் அதன் வழியாகப் போயிருக்கிறது. வெளி பேரிங்கையும் சீலையும் மாற்ற வேண்டுமானால் ஹப் வந்தே ஆக வேண்டும்.

வண்டியிலேயே வைத்து அடித்தால் ஒவ்வொரு அடியும் யுனிவர்சல் ஜாயின்ட் வழியாக டிஃபரென்ஷியலுக்குப் போகும். அதனால் உள்பக்க ஃபிளாஞ்சில் நாலு போல்ட், ஷாக் அப்சார்பர், ரேடியஸ் ஆர்ம், பட்டைச் சுருள் (லீஃப் ஸ்பிரிங்) முனை போல்ட், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாவற்றையும் எடுத்து, ஷாஃப்ட்டை முழுசாக மேசைக்குக் கொண்டுவந்தேன். சுருள் முனை போல்ட்டும் டிரன்னியன் கதைதான், அதே ஆக்ஸா பிளேடு வைத்தியம்.

கடையில் கிடைக்கும், இழுத்துக் கழற்றும் மூன்று கால் புல்லர் இதற்கு ஆகாது. கால்கள் ஹப்பின் ஃபிளாஞ்ச் ஓரத்தைப் பிடித்து இழுக்கும், கூம்பு விடுவதற்கு முன் ஃபிளாஞ்ச் வளையும், பிறகு சக்கரம் ஆட்டம் போடும். லேத்தில் சொல்லி 20 மி.மீ. எம்எஸ் பிளேட்டில் சக்கர ஸ்டட்டுகளின் இடைவெளிக்கு நாலு துளையும், நடுவில் 24 எம்எம் ஹைடென்சில் போல்ட்டுக்கு மரையும் போட்டு வாங்கினேன். பிளேட்டை வீல் நட்டுகளாலேயே ஹப்போடு பூட்டலாம், இழுவை நாலு ஸ்டட்டுக்கும் சமமாகப் பிரியும். ஷாஃப்ட் நட்டைக் கழற்றி எறியக்கூடாது. அதன் முகம் ஷாஃப்ட் முனையோடு மட்டமாகும் வரை தளர்த்தி விட்டுவிட வேண்டும். புல்லர் போல்ட் முனையை நசுக்காமல் மரையைக் காப்பாற்றும், ஹப் திடீரென்று விடும்போது பறக்காமலும் தடுக்கும்.

நடு போல்ட்டில் பைப் போட்டு இறுக்கி, அதன் தலையில் நாலு பவுண்டு சுத்தியலால் அடி. மறுபடி கால் திருப்பு, மறுபடி அடி. அசைவில்லை. இறுக்கின நிலையிலேயே இரவு விட்டுவிட்டேன். காலையில் கேஸ் டார்ச்சை வைத்து ஹப்பின் நடுப்பகுதியைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினேன், ஷாஃப்ட்டில் தீ படாமல். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் விரியும். 25 மி.மீ. துளையை 200 டிகிரி கூட்டினால் கிடைப்பது 0.06 மி.மீ. கேட்கச் சின்ன எண், கூம்பில் அதுவே தாராளம். வெளிப்பாகம் சூடாகவும் உள்பாகம் குளிர்ச்சியாகவும் இருக்கும் அந்தச் சில நிமிஷம்தான் வாய்ப்பு. நிதானமாகச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்து விரிந்து ஒன்றும் நடக்காது. டார்ச்சை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்து இரண்டாவது அடியில் 'டமார்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னப்பா வெடிச்சுது?" என்றார். ஹப் நட்டில் போய் இடித்து நின்றிருந்தது.

வலது பக்கம் இதே வைத்தியத்துக்கு மசியவில்லை. பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்தும் பார்த்தோம். பிரஸ் முனகியது, ஹப் அப்படியே இருந்தது. பட்டறை அண்ணன் ஹப்பைச் சுற்றிவிட்டு ஃபிளாஞ்ச் ஓரத்தைப் பார்த்தார்.

"இது முன்னாடியே வளைஞ்சது தம்பி. யாரோ கால் புல்லர் போட்டிருக்கான். இத காப்பாத்தி என்ன பண்ணப் போறீங்க?"

அதோடு வட்டக் குறி பெருக்கல் குறியானது. சாவி இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே, ஹப்பின் கழுத்தில் கட்டிங் வீலால் நீளவாக்கில் ஒரு கீறல், ஷாஃப்ட்டைத் தொட ஒரு மி.மீ. மிச்சம் வைத்து. அதில் உளியை நிறுத்தி ஒரே அடி. மிச்சமிருந்த சுவர் பிளந்தது, ஹப் கையோடு வந்தது. கூம்பு முழுக்கச் செம்பழுப்புத் துரு, ஆனால் குழி இல்லை, சாவிக் காடியும் நேராக இருந்தது. வளையாத ஹப் ஒன்று புதுப்பேட்டையில் கிடைத்தது. வாங்கும் முன் கடைக்காரரின் லேத்திலேயே சுற்றி, ஆட்டமில்லையா என்று பார்த்துக்கொண்டேன்.

என்ஜினும் ஜாம்தான், ஆனால் அது பொறுமைக்கு வழிவிட்டது. பிளக்குகளைக் கழற்றி அதே ஏடிஎஃப்-அசிட்டோன் கலவையை நாலு சிலிண்டரிலும் ஊற்றி ஊறவிட்டேன். திருப்பும் முன் ராக்கர் ஷாஃப்ட்டை எடுத்துவிடுங்கள். வால்வு ஒன்று ஒட்டியிருந்தால் புஷ்ராடு வளையும். கிராங்க் புல்லி போல்ட்டில் நீள ராடு போட்டு இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டினால் போதும். கியரில் போட்டு வேறு வண்டியால் கட்டி இழுப்பது சிலர் பழக்கம். கனெக்டிங் ராடு வளைந்தால் மிச்சம் பிடித்தது எல்லாம் அதில் போகும்.

திரும்பப் பூட்டுவதில் சில விஷயம். சைலன்சர் ஸ்டட்டுகளுக்குப் பித்தளை நட். டிரன்னியன் போல்ட்டுக்கும் சுருள் முனை போல்ட்டுக்கும் குழலுக்குள் நீரைத் தாங்கும் கிரீஸ் தாராளமாக. பாடி மவுன்ட் போல்ட்டுகளுக்குக் காப்பர் கிரீஸ். ஆனால் பின் ஹப் கூம்பில் எதையும் தடவக்கூடாது. தின்னர் போட்டுத் துடைத்து, உலர்வாகவே ஏற்ற வேண்டும். எண்ணெய் இருந்தால் கூம்பின் பிடி குறைந்து, சுமை முழுக்கச் சாவியில் விழும், சாவி வெட்டுப்படும். அடுத்த முறை கழற்றுவது கஷ்டமாக இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். அதனால் அந்த 20 மி.மீ. பிளேட்டுக்கு ரெட் ஆக்ஸைடு அடித்து, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் போட்டுவைத்திருக்கிறேன்.